வெள்ளைக் கால்மிதி

அமுதவள்ளி வீட்டு மாடி அறையில் இரண்டு அலமாரிகள் இருந்தன. இரண்டிலும் தம்புசாமிதான் இருந்தார்.

தம்புசாமி அந்தத் தாமானின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். கிள்ளான் டவுனில் டயர் கடை வைத்திருப்பவர். சங்கம் எது செய்தாலும் அதற்கென்று ஒரு டீ-சட்டை அடித்துவிடுவார். கொசு ஒழிக்க எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங்குக்கு மஞ்சள், பொங்கலுக்குப் பச்சை, பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்துக்கு ஊதா. நிறம் மாறும், முகம் மாறாது. நெஞ்சுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தடித்த மீசையோடு சிரித்துக்கொண்டிருப்பார். கிறிஸ்துமஸ் விருந்துச் சட்டையில் மட்டும் தலையில் சிவப்புக் குல்லா.

அமுதவள்ளியின் கணவன் சுகுமாறன்தான் சங்கச் செயலாளர். அதனால் மீந்துபோகிற சட்டைகளெல்லாம் பெட்டி பெட்டியாக அவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். எப்போதும் நிறையவே மீந்தது. மரியாதைக்காக வாங்கிக்கொள்பவர்கள்கூட வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வதில்லை. அடுத்தவன் மூஞ்சியை நெஞ்சில் சுமந்துகொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக யாருக்கு மனசு வரும்?

"தூக்கிப் போட்டுடலாமேங்க" என்று அமுதவள்ளி பலமுறை கேட்டுப் பார்த்தாள்.

"தலைவரோட மூஞ்சியக் குப்பையில போடச் சொல்றியா? நாய் பையைக் கிழிச்சா ரோடு முழுக்க அவர்தான் கெடப்பாரு. யாராச்சும் போட்டோ எடுத்து குரூப்ல போட்டா முடிஞ்சிச்சி."

"அப்ப அவர்கிட்டயே திருப்பிக் குடுங்க."

"மனசு ஒடைஞ்சிடுவாரு லா."

ஒருதரம் அவள் ஒரு பச்சைச் சட்டையை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். சுகுமாறன் அதைப் பிடுங்கி, சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, மடித்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தார். தன் சொந்தச் சட்டையை அவர் ஒருநாளும் அப்படித் துவைத்ததில்லை.

அமுதவள்ளி பாலர்பள்ளி வேலையை விட்டு வீட்டில் இருந்த சமயம் அது. பக்கத்து வீட்டு ஜோசஃபின்தான் அவளைத் தையல் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜோசஃபின் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தேவாலயத்துப் பூசைக்குத் தவறாமல் போவாள், அங்கேயும் பின் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பாள். பிரிக்ஃபீல்ட்ஸில் யாரோ ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பேஸ்புக்கில் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்த பிறகுதான் அமுதவள்ளியிடம் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்தார்கள். வகுப்பு ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுத்தது சந்திரகலா. அவர்களுக்கு மகள் வயது. ஆடிட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் துணி வெட்ட வந்தவள். தையல் கோணினால் பேசமாட்டாள், சின்னக் கத்தரியை எடுத்து முழுவதையும் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

"மூனு அடுக்கு, ஆன்டி" என்று முதல் நாள் சொன்னாள். "மேல அழகுத் துணி, நடுவுல பஞ்சு விரிப்பு, கீழ அடித்துணி. மூனும் நகராம சேர்த்துத் தைக்கிறதுதான் வேலை. கை பழகுற வரைக்கும் புதுத் துணி வாங்காதீங்க. சாயம் போகாத பழசு வீட்டுல இருக்குமே, அதைக் கொண்டு வாங்க."

"இருக்கு டீச்சர்" என்றாள் ஜோசஃபின், அமுதவள்ளியைப் பார்த்துக்கொண்டே. "இவங்க வீட்டுல நெறைய இருக்கு."

சுகுமாறனிடம் அனுமதி வாங்கக் கொஞ்சம் நாளானது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். சட்டையின் முதுகையும் கையையும் வெட்டிக்கொள்ளலாம், முகத்தில் கத்தரி படக் கூடாது. அமுதவள்ளி அப்படியே செய்தாள். முகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினாள். மிச்சத்தைக் கட்டம் கட்டமாக வெட்டினாள்.

அவளது முதல் பானைப்பிடி யாரோ கடித்து வைத்த தோசை மாதிரி வந்தது. சந்திரகலா பிரித்தாள். அடுத்ததையும் பிரித்தாள். டீ-சட்டைத் துணி இழுத்தால் நீளும் என்பதால் அதன் பின்னால் பசை தடவிய துணி வைத்து இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சரியாக வந்து முட்டின. அப்படி முதல் மூலை முட்டிய அன்று அவள் ரயிலில் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொஞ்ச நாளில் பஞ்சு விரிப்பு தீர்ந்துபோனது. சந்திரகலாவிடம் சொன்னபோது அவள் நிமிரக்கூட இல்லை.

"பானைப்பிடி, கால்மிதிக்கெல்லாம் எதுக்கு ஆன்டி பஞ்சு? பழைய துண்டு, தடிச்ச பனியன் எதையாச்சும் ரெண்டு மூனு மடிப்பா நடுவுல வைங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் பாக்கப்போறா?"

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜோசஃபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுபாங் ஜெயா வருவதற்குள் அவள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"என்ன ஜோசி?"

"ஒன்னுமில்ல. உன் பிஸ்கட் டின் ஞாபகம் வந்திச்சி."

"சீ, பாவம். அவருக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? கத்தரி படாது, குப்பைக்கும் போகாது. சுகு அண்ணன் சொன்னபடிதானே நடக்குது."

அமுதவள்ளி ஷா ஆலம் வரைக்கும் யோசித்தாள். ஜோசஃபின் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் தைத்ததற்குள்ளெல்லாம் தம்புசாமி போய் உட்கார்ந்தார். பானைப்பிடிக்குள் ஒருவர், சாப்பாட்டு மேசை விரிப்புக்குள் இரண்டு பேர், கால்மிதிக்குள் அடுக்கடுக்காக. மேலே பூ போட்ட பாத்தேக் துணி, நடுவில் தலைவர். தாமானில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். தம்புசாமியின் மனைவி மலர்விழிக்குக்கூட ஒரு ஜோடிப் பானைப்பிடி போனது.

"நல்லா இருக்கே" என்றார் சுகுமாறன், கொதிக்கிற சாம்பார்ச் சட்டியை அதால் பிடித்து இறக்கியபடி. "கைக்குச் சூடே தெரியல."

உப்பு கேட்க வந்திருந்த ஜோசஃபின், "எல்லாம் அவர் தாங்கிக்கிறாரு" என்றாள்.

"யாரு?"

"ஆண்டவர்" என்று சொல்லிவிட்டு ஜோசஃபின் உப்பை வாங்காமலே பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

வெள்ளைக் கால்மிதிக்குக் காரணம் சந்திரகலாதான். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் கைத்தையல் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். நிறம் இல்லாவிட்டால் தையல்தான் அழகு காட்டவேண்டும், அப்போதுதான் கை திருந்தும் என்றாள். அமுதவள்ளி சுகுமாறனின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மேல் துணியாக வைத்தாள். தைப்பதற்கு முன் கோடு வரைய அவளுக்கு வரவில்லை. பூ வரைந்தால் முட்டைக்கோஸ் மாதிரி வந்தது.

ஜோசஃபின் கால்மிதியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வேட்டிக்குக் கீழே முகம் லேசாகத் தெரிந்தது. "நீ எதுக்கு வரையணும்? ஆளே உள்ள படுத்திருக்காரே. அந்தக் கோட்டு மேலயே ஊசியை ஓட்டு."

அமுதவள்ளி மீசையிலிருந்து தொடங்கினாள். பிறகு புருவம், கண், காது. தைத்து முடித்துத் தரையில் போட்டுப் பார்த்தால் அது முகமாகவே தெரியவில்லை. மீசை இரண்டு மாவிலை மாதிரி இருந்தது. காதுகள் சிப்பி மாதிரி இருந்தன. வகுப்பில் சந்திரகலா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் தடவிப் பார்த்தாள்.

"சொந்த டிசைனா ஆன்டி?"

"பாத்துத்தான் டீச்சர் போட்டேன்" என்றாள் அமுதவள்ளி. பொய் சொல்லவில்லை.

சந்திரகலா அந்த ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. அந்தப் பெருமையில் அமுதவள்ளி அதை முன்வாசலிலேயே போட்டாள்.

ஒருநாள் சாயந்திரம் மழை கொட்டியது. தீபாவளி விருந்து பற்றிப் பேச வேண்டும் என்று தம்புசாமி செயலாளர் வீட்டுக்கு வந்தார். காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் முழங்கால்வரை நனைந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கால்மிதியில் ஏறி நின்று, குடையை உதறினார்.

"சுகு, இந்தத் தடவை ஆரஞ்சு அடிக்கலாம்னு பாக்குறேன்" என்றார். "விளக்கு ஒன்னு போட்டு, அதுக்குப் பின்னால நான் கும்பிடுற மாதிரி."

அமுதவள்ளி டீ கொண்டு வந்தாள். வாசலருகில் இருந்த ஸ்டூலில் அவருக்கு வைக்கக் குனிந்தபோது கண் தற்செயலாகக் கீழே போனது. அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில், நனைந்த வேட்டித் துணிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மீசை மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

அவள் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சோபாவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஜோசஃபினும் பார்த்துவிட்டாள்.

"உள்ள வாங்கண்ணே. ஈரத்துல நிக்காதீங்க" என்றாள் அமுதவள்ளி.

"இருமா, கால் காயட்டும். உன் வீடு பளபளன்னு இருக்கு, நான் எதுக்கு அழுக்காக்கணும்" என்று சொல்லித் தம்புசாமி பாதங்களை நன்றாக அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஈரம் பரவியது. மீசைக்கு மேல் மூக்கு வந்தது. மூக்குக்கு மேல் கண் வந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில் அவருடைய சிரிப்பு முழுதாக விரிந்தது.

எல்லாரும் ஒரே இடத்தைப் பார்ப்பதைக் கவனித்து அவரும் குனிந்தார்.



"சுகு" என்றார் தம்புசாமி. "இது யாரு?"

சுகுமாறன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பூ டிசைன் அண்ணே" என்றாள் ஜோசஃபின்.

"பூவுக்கு மீசை இருக்கா?"

தம்புசாமி ஒரு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கொக்கு மாதிரி நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கி, கால்மிதியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது.

"மீசைய யாரு தச்சது?"

"நான்தாண்ணே." அமுதவள்ளி ஓரடி முன்னால் வந்தாள். "மன்னிச்சிக்குங்க. பஞ்சு தீந்துபோச்சி."

"பஞ்சு தீந்துபோச்சின்னு என்னைய வெச்சியா."

"ஆமாண்ணே."

"வேற எதுலயெல்லாம் இருக்கேன்?"

அவள் மறைக்கவில்லை. மேசை விரிப்பைக் காட்டினாள், சமையலறைப் பானைப்பிடிகளைக் காட்டினாள், குளியலறை வாசலைக் காட்டினாள். யார் யார் வீட்டுக்கு எது எது போனதென்று ஜோசஃபின் ஞாபகப்படுத்தினாள். அது தேவைப்படவில்லை. சுகுமாறன் இத்தனை நாளும் தான் எதை மிதித்தோம், எதைப் பிடித்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"இவ்வளவு சட்டை ஏது?" என்றார் தம்புசாமி கடைசியில்.

அமுதவள்ளி கணவனைப் பார்த்தாள். இதற்கு அவள் பதில் சொல்வதாக இல்லை.

"மீந்தது தலைவரே" என்றார் சுகுமாறன்.

"மீந்ததா? ஒவ்வொரு தடவையும் பத்தல, ஆளுங்க அடிச்சிக்கிட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னியே."

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு..."

"நீ பத்தலன்னு சொன்னதாலதானே நான் ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கூட்டி அடிச்சேன்."

அமுதவள்ளிக்கு அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. இரண்டு அலமாரியை அடைத்தது தம்புசாமி இல்லை. தன் கணவன்தான். ஒரு பெட்டி மீந்தபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டாவது பெட்டி வந்தே இருக்காது.

தம்புசாமி டீயைத் தொடவில்லை. நனைந்த கால்மிதியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழையிலேயே காருக்குப் போனார். குடையை மறந்துவிட்டார்.

அந்த வாரம் வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சுகுமாறன் பேசவில்லை. பொய் சொன்னவர் அவர்தானே என்று அமுதவள்ளி பேசவில்லை. சட்டியை இறக்கும்போது சுகுமாறன் பானைப்பிடியைத் தொடாமல் ஈரத் துண்டை எடுத்தார், கை சுட்டுக்கொண்டார், அப்போதும் பேசவில்லை. ஜோசஃபின் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நான் வேணும்னா பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடவா?" என்று கேட்டாள். "சாமியாரு சிரிச்சிட்டா என்ன பண்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மலர்விழியின் கார் வாசலில் வந்து நின்றது. அமுதவள்ளி திட்டு வாங்கத் தயாராகப் போய்க் கதவைத் திறந்தாள். மலர்விழி உள்ளே வரவில்லை. நேராகக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்குக் குடுத்த பானைப்பிடியிலயும் இருக்காரா?"

"இருக்காருக்கா."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

மலர்விழி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று அமுதவள்ளி பயந்து பக்கத்தில் குனிந்தாள். மலர்விழிக்கு சிரிப்பில் மூச்சே வரவில்லை. "தெனமும் அதாலதான் அவருக்கு இட்லிச் சட்டி எறக்குறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே சட்டைப் பெட்டிகள். சங்கத்துக்குக் கொடுத்ததுபோக வீட்டுக்கென்று எடுத்து வைத்தவை, மாதிரிக்கு அடித்துப் பார்த்தவை, மீசை சரியாக விழவில்லையென்று ஒதுக்கியவை.

"உன் வீட்டுல ரெண்டு அலமாரிதானே? எனக்கு ஒரு ரூமே போச்சி. எனக்கும் கத்துக்குடு."

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"ஒன்னும் சொல்லல. அந்தக் கால்மிதியக் காய வெச்சி பீரோவுல பூட்டி வெச்சிருக்காரு. கண்ணாடி முன்னால நின்னு மீசைய மட்டும் பாத்துக்கிட்டிருக்காரு. உன் தையல்ல வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்காம். நெஜத்துலயும் அப்படித்தான் இருக்காம், இவ்வளவு நாளா யாரும் சொல்லலையாம்."

அடுத்த சனிக்கிழமை மூன்று பேராகக் கொமுட்டர் ஏறினார்கள். மலர்விழி பானைப்பிடி, கால்மிதி என்று சின்னதாகத் தொடங்கவில்லை. கட்டில் போர்வைதான் வேண்டும் என்றாள். அதுவும் முகம் உள்ளே இருக்கக் கூடாது, மேலேயே இருக்க வேண்டும் என்றாள். மஞ்சள், பச்சை, ஊதா என்று முகங்களை மாற்றி மாற்றி வகுப்பு மேசையில் அடுக்கியபோது சந்திரகலா வந்து பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. மலர்விழியின் தோளில் மெதுவாகக் கை வைத்தாள்.

"எப்ப தவறினாரு ஆன்டி?"

"யாரு?"

"அங்கிள். நெறைய பேரு இந்த மாதிரி ஞாபகத்துக்குத் தைப்பாங்க."

"அவரு டயர் கடையில இருக்காரு மா" என்றாள் மலர்விழி. "இப்பத்தான் போன் பண்ணி மத்தியானச் சாப்பாடு எங்கன்னு கேட்டாரு."

ஜோசஃபின் கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்துபோனாள். மாடிப்படியில் அவள் சிரித்த சத்தம் பூக்கடைவரை கேட்டது.

தீபாவளிச் சட்டையில் முகம் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் நெஞ்சோரமாகச் சின்னதாக ஒரு விளக்கு, கீழே தாமானின் பெயர், அவ்வளவுதான். விருந்தன்று பாதியிலேயே தீர்ந்துபோனது. கிடைக்காதவர்கள் சுகுமாறனைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். அவர் ஓடிப்போய்த் தலைவரிடம், "பத்தல தலைவரே" என்றார். தம்புசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே எழுந்து போய், ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்து, கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கு அவர் தோசை குறைவாகத்தான் சாப்பிட்டார்.

அமுதவள்ளியும் சுகுமாறனும் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தார்கள். எப்போது தொடங்கினார்கள் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண் சரியில்லாதபோது அவர் கோத்துக் கொடுத்தார், அப்படியே பேச்சு வந்துவிட்டது. மாடி அறையில் ஒரு அலமாரி காலியானது. அதில் சுகுமாறன் தன் சட்டைகளை வைத்துக்கொண்டார்.

மலர்விழியின் போர்வை முடிய நாளானது. ஒரு பக்கம் முழுக்கக் கணவனின் முகங்கள். மறுபக்கம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அலைந்து திரிந்து பொறுக்கிய பூப்போட்ட துணி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்தமாக இருந்தது. சந்திரகலா ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை.

அது கட்டிலுக்குப் போன சில நாட்களில் சுகுமாறனுக்குப் போன் வந்தது. அவர் வராந்தாவுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "சரிங்க தலைவரே", "கேட்டுப் பாக்குறேன் தலைவரே" என்று மட்டும் கேட்டது. திரும்பி வந்து, ஜோசஃபினோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அமுதவள்ளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தலைவர் ஒரு உதவி கேக்குறாரு."

"என்னவாம்?"

"மலர் அக்கா நல்லா பேசுற நாளுல பூப் பக்கம் மேல இருக்குற மாதிரி விரிக்கிறாங்களாம். கோவம் வந்தா அவரு மூஞ்சிப் பக்கத்தத் திருப்பிடுறாங்களாம். அத்தன பேரு அவரையே பாத்துக்கிட்டிருக்கும்போது தூக்கமே வரலையாம்."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?"

"அந்தப் பக்கத்து மேலயும் ஒரு பூத்துணி வெச்சித் தச்சிட முடியுமான்னு..."

அமுதவள்ளி ஊசியை நிறுத்தி ஜோசஃபினைப் பார்த்தாள். ஜோசஃபின் மிகவும் பொறுப்பான முகத்தோடு யோசித்தாள்.

"முடியும் லா" என்றாள். "வெள்ளைத் துணியா இருந்தா நல்லா இருக்கும்னு சொல்லுங்க."